ஏரிக்குள் 32 அடி

மார்ச் 2

இந்த வருடம் டாக், அதாவது கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் நடைமேடை, போட்டே ஆகவேண்டும். போன கோடையில் அப்பா தண்ணீரில் கால் நனைக்கப் போய், பாசிக் கல்லில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அதற்கப்புறம் கரைப் பக்கமே வரவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நிரந்தரமாகக் கால் ஊன்றிக் கட்டலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உறைகிற ஏரியில் அது பெரிய வேலை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடுகிறது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரையை நெருக்குவது அதற்கு அடுத்த கட்டம். கடுங்குளிரில் பனித்தகடு சுருங்கி வெடிக்கும், வெடிப்புக்குள் தண்ணீர் ஏறி உறைந்துகொள்ளும், அப்புறம் கொஞ்சம் வெயில் வந்தால் தகடு முழுவதும் விரிந்து கரையை நோக்கித் தள்ளும். குளிர்காலம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும். இலையுதிர் காலத்தில் கழற்றி, வசந்தத்தில் திரும்பப் பூட்டுகிற டாக்தான் எங்களுக்குச் சரி.

மார்ச் 8

விற்பனைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். அடிமண் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதே என்றார். பனி உருகும் முன்பே அளந்துவிடு, படகில் நின்று ஆடிக்கொண்டு அளப்பதைவிட எளிது என்பதும் அவர் யோசனைதான்.

முதலில் பனியின் கனம் பார்த்தோம். தெளிந்த, கெட்டியான பனி 4 அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம், இங்கே அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. கரையிலிருந்து 8 அடிக்கு ஒரு துளை போட்டு, அடி அளவு குறித்த கம்பியை உள்ளே விட்டோம். ஒவ்வொரு துளையிலும் இரண்டு அளவு எடுத்தோம். கம்பி சேற்றைத் தொடும் ஆழம் ஒன்று, அழுத்தினால் கெட்டித் தரை தட்டுகிற ஆழம் ஒன்று. முதல் 20 அடிக்குக் கூழாங்கல்லும் மணலும். 24 அடியில் அரை அடிச் சகதி. 32 அடியில் தண்ணீர் மூன்றரை அடி, அதற்குக் கீழே ஒரு அடிக்கு மேல் சகதி.

கரைப் பாறையில் இன்றைய நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன். ஏரி மட்டம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நிலையான குறி இல்லாவிட்டால் இந்த அளவுகள் எதற்கும் உதவாது.

மார்ச் 22

இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

மிதவை டாக் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும், ஆழமான இடத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் ஓரத்தில் ஒருவர் நின்றால் அந்தப் பக்கம் தாழும். அப்பா கைத்தடி ஊன்றி நடப்பவர், ஆகவே வேண்டாம். சக்கரம் வைத்த டாக்கை முழுசாகக் கரைக்கு இழுத்துவிடலாம், பார்க்கவே ஆசையாக இருந்தது, ஆனால் அந்தச் சகதியில் சக்கரம் புதைந்தால் யார் இழுப்பது? மிஞ்சியது குழாய்க்கால் டாக். 8 அடி நீளத் துண்டுகள் நான்கு, ஒவ்வொரு காலையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம்.

அலுமினியச் சட்டம்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதன் எடை, அதே அளவு எஃகில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. வருடத்துக்கு இரண்டு தடவை தூக்கப் போவது நாங்கள்தானே. மேல்தளம் துளை போட்ட பிளாஸ்டிக் பலகை, வெளிர் நிறம். துளை வழியாக அடியில் இருக்கும் நீர்ச்செடிகளுக்கு வெளிச்சம் போகும், அலை மோதினாலும் பலகையைத் தூக்காமல் மேலே பீறிட்டுப் போய்விடும். அகலம் 4 அடி. 3 அடி போதும் என்று மச்சான் சொன்னான், அப்பாவும் பக்கத்தில் கைப்பிடித்து நடக்கிறவரும் சேர்ந்து போக 3 அடி போதாது.

ஏப்ரல் 17

அனுமதி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையது. வரைபடத்தில் டாக்கின் நீளத்தைப் புல் முடிகிற இடத்திலிருந்து காட்டியிருந்தேன், அவர்கள் கேட்பது வழக்கமான உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கிற மேல்மட்டத்திலிருந்து. தண்ணீருக்குள் பக்கத்து வீட்டு எல்லையையும் நிலத்து வேலியை அப்படியே நேராக நீட்டி வரைந்திருந்தேன். எங்கள் கரை உள்வளைந்தது, அப்படி நீட்டினால் இரண்டு வீட்டுக் கோடுகளும் ஏரிக்குள் வெட்டிக்கொள்ளும். கரையின் வளைவுக்கு ஏற்ப எல்லையைத் திருப்பிப் போடச் சொன்னார்கள்.

கழற்றி மாட்டுகிற டாக்குக்குப் பல இடங்களில் அனுமதியே கேட்பதில்லை, சில இடங்களில் அளவு தாண்டினால் மட்டும் கேட்பார்கள். யாரோ எங்கோ போட்டதைப் பார்த்து நாமும் போடக்கூடாது, நம் ஏரிக்கு என்ன விதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மே 9

அனுமதி வந்தது! ஒரு நிபந்தனை, கரையோரத்தில் மீன்கள் முட்டையிட்டு முடியும்வரை தண்ணீரில் இறங்கி வேலை செய்யக்கூடாது. இன்று காலை குனிந்து பார்த்தேன், கூழாங்கற்களுக்கு நடுவே மீன் வாலால் பெருக்கி வைத்த வட்டமான கூடு, அதைவிட்டு நகராமல் ஒரு மீன். டாக் காத்திருக்கட்டும்.

இரண்டு துண்டுகள் வேறொரு ஏரியில் பயன்பட்டவை. ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவுகிற சிப்பிகள் உண்டு, அவற்றின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, குழாய்க்குள் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தாலும் கூடவே வந்துவிடும். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, குழாய்களைக் கவிழ்த்து, வெயிலில் போட்டிருக்கிறோம். மூன்று வாரத்துக்குக் குறையாமல் காயவேண்டும்.

ஜூன் 7

காலை ஆறு மணிக்கு நானும் மச்சானும் இறங்கினோம். கரையில் முதல் துண்டைச் சரியாக வைப்பதற்கே இரண்டு மணி நேரம் போயிற்று, அது கோணினால் கடைசித் துண்டு எங்கேயோ போய் நிற்கும். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு காலாக இறக்கித் திருகினோம். மதியத்துக்குள் நான்கும் பூட்டியாயிற்று.

ஜூன் 8

கடைசித் துண்டின் இடது கால் ராத்திரியில் மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது. மார்ச்சில் கம்பி சொன்ன சகதிதான், தெரிந்தும் அந்தக் காலின் அடியில் 8 அங்குல வட்டத் தட்டு போட்டது என் அவசரம். அதன் பரப்பு 50 சதுர அங்குலம், ஓரடிச் சதுரத் தட்டு என்றால் 144. அதே எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு இடத்தில் பரவும். கடைசி இரண்டு கால்களுக்கும் தட்டு மாற்றினோம்.

விளக்குக்கு வயர் இழுக்கலாமா என்று மச்சான் கேட்டான், முடியாது என்றுவிட்டேன். நல்ல தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கசிவு இருந்தால் நீந்துகிறவர் உடம்பு வழியாகத்தான் போகும். சூரிய விளக்கு இரண்டு போதும்.

ஜூன் 15

ஒரு வாரமாக ரசமட்டம் அசையவில்லை. சாயங்காலம் அப்பாவைக் கூட்டிப் போனேன். நடுவில் நின்று கைத்தடியால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

“ஆடுதாப்பா?”

“இல்லடா, கெட்டியா நிக்குது. நீ கைய விடு.”

நுனியில் உட்கார்ந்து இருட்டும்வரை தண்ணீரில் காலை விட்டிருந்தார்.

அக்டோபர் 11

கழற்றியாயிற்று. நுனித் துண்டிலிருந்து தொடங்கினோம், ஒவ்வொன்றிலும் எண் எழுதி, எந்தக் கால் எந்த உயரத்தில் இருந்தது என்று பெயின்ட் குறி போட்டோம். தண்ணீர் பாறைக் கோட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே. துண்டுகளைத் தண்ணீர் எட்டாத மேட்டில் அடுக்கும்போது அப்பா ஜன்னலில் நின்று, நாலு இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.