மாடுகளின் கணவாயில் ஒரு திருப்புளி

1972-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற, துணிக்கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் காரின் சாவியைப் பாதியளவு திருப்பினால் எஞ்சின் ஓடத் தொடங்குவதில்லை. ஆனால் இருக்கைக்குப் பின்னால், வலப்பக்கப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே, வண்டியின் அடியிலிருந்து ‘டக் டக் டக்’ என்று விரைவாக ஒரு சத்தம் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு தட்டல்களுக்குப் பின் வேகம் தணிந்து அடங்கிவிடும். மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் பம்பின் சத்தம் அது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் இரண்டு கார்புரேட்டர்களின் மிதவைக் கிண்ணங்களும் நிரம்பிவிட்டன, இனி வண்டியைக் கிளப்பலாம் என்பதற்கு அந்த அமைதியே அடையாளம். கடந்த மே மாதம் இந்த வண்டியில் தனியாக, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடிவரை ஒன்பது நாட்களில் போய் வந்தேன். ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பார்த்த மலைகளுக்கும் கடலுக்கும் முன்பாக இந்தச் சத்தமே நினைவுக்கு வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இன்றைய வாசகர்கள் எதைக் கற்பனை செய்துகொள்வார்களோ, எம்.ஜி.பி. அதுவல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபிங்டன் ஊரிலிருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எல்லா வகைகளையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட, அந்நாளில் ஓர் ஆசிரியரோ எழுத்தரோ சிறுகச் சேமித்து வாங்கிவிடக்கூடியதாக இருந்த, இரண்டே பேர் அமரும் வண்டி இது. எஞ்சினின் கொள்ளளவு 1798 சிசி. குதிரைத்திறன் சுமார் 95. இன்று கடைக்குப் போய்வர வைத்திருக்கும் சிறு கார்களே இதை எளிதாக முந்திவிடும். இருந்தாலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, துணிக்கூரையை மடித்துவிட்டு மணிக்கு எழுபது கிலோமீட்டரில் போனால், நூற்று இருபதில் போவதைப் போலிருக்கும். காவல்துறைக்கு வேலை வைக்காத வேகம் அது.

இந்த வண்டி என்னிடம் வந்து சேர்ந்ததற்கு என் பெரியப்பாவும் ஒரு காரணம். அவர் திருநெல்வேலியில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். அந்தக் காலத்து பெட்ரோல் அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சினும் எம்.ஜி.பி.யின் எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. எட்டு ஆண்டுகளுக்கு முன், வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் இந்த வண்டியின் எஞ்சின் ஓடுவதைக் கேட்டேன். வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகளின் அந்தச் சடசடப்பு காதில் விழுந்த கணத்தில் நான் பாளையங்கோட்டைச் சாலையில் நின்றுகொண்டிருந்தேன். பெரியப்பா நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி வால்வுகளின் நலம் விசாரிப்பார். அந்தத் திருப்புளி இப்போது என்னிடம் இருக்கிறது. மரக் கைப்பிடி, எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய்.

புறப்படுவதற்கு முன் ஒரு மாத காலம் வார இறுதிகளைச் செலவிட்டு எஞ்சின் எண்ணெய் மாற்றினேன், பிளக்குகளைச் சுத்தம் செய்தேன், பிரேக்கைச் சரிபார்த்தேன், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளின் முனைகளைத் துடைத்து கிரீஸ் பூசினேன். பிரிட்டனில் நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்குச் சாலை வரியும் இல்லை, ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தச் சலுகை வண்டியின் மேல் வைத்த நம்பிக்கையா, கிழவனைப் போகட்டும் என்று விட்டதா என்று எனக்குத் தெளிவாகவில்லை. நான் மட்டும் விடாமல் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடுவரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும் என்பதால், எத்தனால் குறைந்த விலையுயர்ந்த பெட்ரோலைத்தான் தேடிப் போட வேண்டும். இவ்வளவையும் யோசித்தவன் பெட்ரோல் பம்பை மட்டும் திறந்து பார்க்கவில்லை. சத்தம்தான் சரியாக வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

“யாராவது கூட வரட்டுமே” என்று மகள் இரண்டு முறை சொன்னாள். பக்கத்து இருக்கையில் வரைபடம், வெந்நீர்க் குடுவை, மழைச் சட்டை, இரண்டு நாளைக்குக் கெடாத புளியோதரை ஆகியவை ஏறிக்கொண்டதைக் காட்டி, இடமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பேச்சில்லாத ஒன்பது நாட்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் வண்டியின் குரல் பாதிதான் கேட்கும்.

ஆபிங்டனில் பழைய தொழிற்சாலை இருந்த பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வடக்கே திரும்பினேன். முதல் நாள் முழுவதும் நெடுஞ்சாலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாரியின் சக்கரம் என் தோளுக்கு நேராக உருளும், அது வாரியடிக்கும் தண்ணீர் என் மடியில் விழும். அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் ஓவர்டிரைவைப் போட்டதும் எஞ்சின் நிமிடத்துக்கு அறுநூறு சுற்று குறைந்து, நீண்ட மூச்சு விட்டதைப் போல் அடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நெடுஞ்சாலையை மன்னிக்கலாம். கம்பிரியாவின் ஷாப் மேட்டில் பிடித்த மழை, துணிக்கூரையும் கண்ணாடியும் சேரும் மூலையில் வழி கண்டுபிடித்து, என் வலது முழங்காலில் மட்டும் நிதானமாகச் சொட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் பெர்த் நகரைத் தாண்டி ஏ9 சாலையில் ஏறியதும் நிலைமை மாறியது. சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் அந்தச் சாலையில் 2014 முதல் நிற்கின்றன. புது வண்டிக்காரர்கள் சபித்துக்கொண்டு போகும் அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரும் வரம். எல்லோரும் என் வேகத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். ட்ரமாக்டர் கணவாயில் இன்னும் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஹீட்டர் கால்களை வேகவைக்க, காற்று காதுகளை உறையவைக்க, இன்வர்னெஸ் போய்ச் சேர்ந்தேன்.

இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி, வட ஸ்காட்லாந்தின் கரையோரமாகச் சுற்றி அங்கேயே வந்து முடியும் 830 கிலோமீட்டர் வழிக்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று 2015-இல் பெயர் சூட்டினார்கள். பெயர் வந்தபின் கூட்டமும் வந்துவிட்டது. ஆனால் சாலை பழைய சாலைதான். மேற்குக் கரையில் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம், இடையிடையே ஒதுங்கி நிற்கச் சிறு இடங்கள். எதிரே வண்டி தெரிந்தால், இடப்பக்கம் ஒதுங்குமிடம் இருந்தால் அதற்குள் புகுந்து நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே சாலையிலேயே நின்று அவரை ஒதுங்கவிட வேண்டும். பின்னால் வருபவருக்கும் அதே முறையில் வழிவிட வேண்டும். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி சொல்வது எழுதாத சட்டம். சிவப்பு நிறத்தில் தாழ்வான பழைய வண்டி என்றால் கை தூக்குபவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள். பெட்ரோல் போடுமிடத்தில் பணம் வாங்கிக்கொண்ட பெரியவர் வெளியே வந்து, பானட்டைத் திறந்து காட்டச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பதைப் போல் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல் பியாலக் ந பா ஏறினேன். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள். ஆப்பிள்கிராஸ் தீபகற்பத்து மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவந்த வழி. 1822-இல் சாலையாக்கினார்கள்; 1970-களில் கடற்கரைச் சாலை வரும்வரை அந்த ஊருக்குத் தரைவழியாகச் செல்ல இது ஒன்றே சாலை. ஏறத்தாழக் கடல்மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது, சில இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி ஏற்றம். புதிதாக ஓட்டக் கற்பவர்களும் பெரிய வண்டிகளும் வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பெரிய பலகை எச்சரிக்கிறது. கொல்லிமலையில் ஓட்டியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கை இங்கே சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அங்கே இரண்டு வண்டிகளுக்கு இடம் உண்டு.

பள்ளத்தாக்கின் இருபுறமும் கரும்பாறைச் சுவர்கள் நெருங்கிவர, இரண்டாவது கியரில் இழுவை நன்றாகத்தான் இருந்தது. உச்சிக்கு முந்தைய வளைவுகளை நெருங்கியபோது எஞ்சின் ஒரு முறை இருமியது. அடுத்த நூறு அடியில் இன்னொரு முறை. மிதித்தால் வேகம் எடுக்கவில்லை; முதல் கியருக்கு மாற்றுவதற்குள் மொத்தமாக நின்றுபோயிற்று. நின்ற எஞ்சினோடு பிரேக்கை அழுத்தியபடி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி உருண்டு, முப்பதடி கீழேயிருந்த ஒதுங்குமிடத்தில் வண்டியைச் சேர்த்தபோது கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. கைப்பிரேக்கை நம்பாமல் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தேன். பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும்.

அந்தப் பம்புக்குள் ஒரு மின்காந்தம் சவ்வு ஒன்றை இழுக்கும். முழுவதும் இழுத்ததும் இரண்டு சிறு தொடுமுனைகள் விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும். சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, பெட்ரோல் முன்னே போகும். தொடுமுனைகள் மீண்டும் சேரும். ஒவ்வொரு ‘டக்’கும் இந்த ஒரு சுற்று. ஆண்டுக்கணக்கில் விலகிச் சேரும்போது பறக்கும் நுண்பொறிகளால் முனைகள் தீய்ந்து, ஒரு நாள் சேர்ந்தாலும் மின்சாரம் பாயாமல் நின்றுவிடும். தொடுமுனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஊரில் எனக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும். இங்கே ஈரச் சரளையில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் வந்துகொண்டிருந்தது, பலகையைப் பொருட்படுத்தாத ஒரு வீட்டு வேன். அதிலிருந்து முதிய தம்பதி இறங்கினார்கள். அவர் டார்ச் விளக்கைப் பிடிக்க, அந்த அம்மா என் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நான் சொல்லும்போது சாவியைத் திருப்பினார். பெரியப்பாவின் திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, மரக் கைப்பிடியால் பம்பின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டுக்கு ஒரே ஒரு ‘டக்’. சற்றுத் தள்ளி மூன்றாவதாகத் தட்டியதும் படபடவென்று அடிக்கத் தொடங்கி, கிண்ணங்கள் நிரம்பியதும் தானாக அடங்கியது. அந்த அம்மா கைதட்டினார். இதே வண்டி தம் அண்ணனிடம் இருந்ததாகவும், அதை விற்றுத்தான் அவர் கல்யாணச் செலவைச் சமாளித்ததாகவும், அண்ணி அதை அறுபதாம் கல்யாண வயதிலும் விடாமல் சொல்லிக்காட்டுவதாகவும் சொன்னார். மீதமிருந்த புளியோதரையைக் கொடுத்தேன். காரத்துக்கு அவர் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். உச்சியில் நின்றபோது மேகம் சிறிது விலகி, கடலுக்கு அப்பால் ராசே தீவும் அதன் பின்னே ஸ்கை தீவின் மலைகளும் தெரிந்தன.

அதன்பின் ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. 1984-இல் கட்டிய வளைவான கைல்ஸ்கூ பாலத்தருகே ஒரு முறையும், டர்னஸில் விடுதி வாசலில் ஒரு முறையும் பம்ப் ஊமையானது. அதற்குள் தட்ட வேண்டிய இடம் கைக்குப் பழகியிருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் ஜான் ஓ’ கிரோட்ஸை விட, பிரிட்டன் பெருநிலத்தின் உண்மையான வடமுனையான டன்னெட் ஹெட் எனக்குப் பிடித்திருந்தது. 1831-இல் கட்டிய கலங்கரை விளக்கம், எதிரே ஆர்க்னித் தீவுகளின் செங்குத்துப் பாறைகள், இரவு ஒன்பது மணிக்கும் அணையாத வெளிச்சம். அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, அது ஆறும்போது எழும் சிறு சிறு உலோகச் சத்தங்களைக் கேட்டபடி அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் கிழக்குக் கரை அகலமான நல்ல சாலை, வேகமாக முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த வாரமே பம்பைக் கழற்றித் திறந்தேன். தொடுமுனைகளில் ஒன்றில் குழி, மற்றொன்றில் அதே அளவு மேடு. தொடுமுனையே இல்லாத மின்னணுப் பம்ப் இப்போது கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டு நிம்மதியாக இரு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். வண்டியில் பழைய பம்புதான், புதிய தொடுமுனைகளோடு. மாட்டி முடித்ததும் மகளை இருக்கையில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து எண்ணினேன். பதினோரு தட்டல்கள், பிறகு அமைதி.