மோசல் ஆற்றோரம் சைக்கிள்: எந்தக் கரையில் மிதிப்பது?

ஜெர்மனியில் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோசல் ஆற்றோரமாகப் போகும் சைக்கிள் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள், கார் தொல்லையே கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். பாதை பெரும்பாலும் தனிப்பாதை என்பது சரி. ஆனால் பல இடங்களில் அந்தத் தனிப்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஓர் இரும்புத் தடுப்பு மட்டுமே இருக்கும். காதுக்குப் பக்கத்தில் லாரி போய்க்கொண்டிருக்கும். அதே இடத்தில் எதிர்க்கரையில் போகிறவருக்கு டிராக்டர் சத்தம்கூட இருக்காது. இங்கே உடல் பலத்தைவிடக் கரையைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதுதான் முக்கியம்.

ஏன் இப்படி என்பது ஆற்றின் வளைவைப் பார்த்தால் புரியும். ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கும் குறைவு, ஆற்றோடு போனால் ஏறக்குறைய 195. அவ்வளவு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் கரையை ஆறு அரித்துச் செங்குத்தாக்கிவிடும், உட்பக்கத்தில் மண் படிந்து சமதரையாகும். தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவு திராட்சைக்கு உகந்தது. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடைத்த ஒடுக்கமான இடத்தில்தான் பல இடங்களில் நெடுஞ்சாலையை நுழைத்திருக்கிறார்கள். அதனால் உதவும் ஒரு கணக்கு: கொடிச்சரிவு எந்தக் கரையில் செங்குத்தாக நிற்கிறதோ, அதற்கு எதிர்க்கரையில் போங்கள். சத்தம் குறையும், திராட்சைச் சரிவும் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். கொடிக்கு அடியிலேயே போனால் கற்சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பெர்ன்காஸ்டல்-கூஸ் ஊரிலிருந்து கீழே, அதாவது ஆற்றோட்டத்தோடு கோப்லென்ஸ் பக்கமாக, வரும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். (வலக்கரை, இடக்கரை என்பதெல்லாம் ஆறு ஓடும் திசையைப் பார்த்துச் சொல்வது.) நெடுஞ்சாலை எண் 53 வலக்கரையில் கிராஹ் வழியாகப் போகிறது. நீங்கள் இடக்கரையில், கூஸ் பக்கமாக வேலென் ஊருக்குப் போங்கள். வேலெனின் பேர்பெற்ற சூரியக்கடிகாரத் தோட்டம் ஊருக்கு எதிரே, அக்கரையில் இருக்கிறது. பாறையில் தீட்டிய கடிகாரம் இக்கரையிலிருந்தே தெரியும். மாஹெர்ன் மடம் வரை இடக்கரையிலேயே வந்து, செல்டிங்கன் பாலத்தில் வலக்கரைக்கு மாறுங்கள். நெடுஞ்சாலை அதே பாலத்தில் உங்களுக்கு எதிர்த்திசையில் கரை மாறி ஊர்சிஷ், கின்ஹைம், குரோஃப் என்று இடக்கரையில் போய்விடும். ராஹ்டிஷ், எர்டன், லோஸ்னிஷ் என்று உங்கள் பக்கம் அமைதியாகக் கிடக்கும். தலைக்கு மேலே சுமார் 160 மீட்டர் உயரத்தில் 2019-இல் திறந்த ஹோஹ்மோசல் பாலம் போகிறது. அழகா அசிங்கமா என்று உள்ளூரில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சைக்கிள்காரருக்கு அதனால் நன்மையும் இல்லை, தொல்லையும் இல்லை.

கோக்கெமுக்கு மேலேயும் இதே கதைதான். ஆல்ஃபிலிருந்து கோக்கெம் வரை நெடுஞ்சாலை எண் 49 இடக்கரையில். பிரெம் ஊருக்கு மேலே நிற்கும் கால்மோன்ட் சரிவும் அதே கரைதான். சில இடங்களில் 65 பாகை வரை சாய்வு, ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. சென்ஹைம் பாலத்தில் வலக்கரைக்கு மாறி மெசனிஷ், பிரீடர்ன், பைல்ஸ்டைன், புருட்டிஷ், வால்விஷ் என்று வந்தால் கோக்கெமுக்கு எதிரிலுள்ள கோன்ட் வரை நிம்மதி. பைல்ஸ்டைனில் படகும் உண்டு, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். வெள்ளம் வந்தால் படகு ஓடாது, எனவே திட்டத்தைப் படகை நம்பிப் போடாதீர்கள்.

டிரைஸ்-கார்டெனுக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது. அங்கிருந்து கோப்லென்ஸ் வரை இரு கரையிலும் நெடுஞ்சாலைதான்: இடக்கரையில் 416, வலக்கரையில் 49. இடக்கரையில் கூடவே ரயிலும் ஓடுகிறது. சத்தம் பிடிக்காதவர்கள் அந்த நாற்பது கிலோமீட்டரை ரயிலில் கடந்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழுக்கவே கார் இல்லாத பாதை வேண்டுமென்றால் அது ஆற்றோரத்தில் இல்லை, மேலே ஐஃபெல் மலையில் இருக்கிறது. டௌன் நகரிலிருந்து பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை 58 கிலோமீட்டர், மாரே-மோசல் பாதை. பெரும்பகுதி பழைய ரயில் தடத்தின்மேல் போட்ட தார்ப்பாதை. நீராவி எஞ்சினுக்காக வெட்டிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் எங்கேயும் கடுமையாக இருக்காது. டௌன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், ஆற்றங்கரை 110. டௌனை விட்டதும் முதலில் கொஞ்சம் ஏற்றம், பிறகு 560 மீட்டர் நீளச் சுரங்கம், அதைத் தாண்டினால் எரிமலைப் பள்ளத்தில் நீர் தேங்கிய ஷால்கன்மேரன் ஏரி. அதன்பின் வழியிலுள்ள விட்லிஷ் நகர் வரை மொத்தத்தில் இறக்கம்தான். சுரங்கத்துக்குள் விளக்கு எரிந்தாலும் உங்கள் விளக்கையும் போடுங்கள். வெயிலிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் சில நொடிகள் கண் தெரியாது, எதிரே குழந்தைகள் தாறுமாறாக வந்துகொண்டிருப்பார்கள். கோடையிலும் உள்ளே குளிரும், மேலே ஒரு சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மேலே ஏற மிதிக்க வேண்டாம். பெர்ன்காஸ்டலிலிருந்து விட்லிஷ் வழியாக டௌனுக்கு, பின்னால் சைக்கிள் வண்டி கோத்த 300-ஆம் எண் பேருந்து ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஓடுகிறது. சைக்கிளுக்கு முன்பதிவு செய்யாமல் சனி ஞாயிறு காலையில் போய் நின்றால் இடம் கிடைக்காது. பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கி ஏற்றுகிறவருக்கு முதுகு மிஞ்சும்.

வண்டி விஷயம். 28 அங்குலச் சக்கரம், 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் போதும். 75 கிலோ ஆள், பின்னால் 10 கிலோ மூட்டை என்றால் 40 மில்லிமீட்டர் டயருக்குப் பின்சக்கரத்தில் 3.5 பார், முன்னால் 3 பார் காற்று. கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு போகிறவர்கள் கிராமத்து உருளைக்கல் தெருக்களில் கை மரத்துப்போய் இறங்குவார்கள். பாரத்தைப் பின்கேரியரின் இரு பக்கமும் சமமாகப் பிரித்துத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் கனத்தால் நிறுத்தும்போதெல்லாம் வண்டி சாயும், பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் தளர்ந்து கோட்டம் எடுக்க வேண்டிவரும்.

பஞ்சருக்கு இங்கே இரண்டு காரணம். மழைக்குப்பின் சரிவிலிருந்து உருண்டு வரும் ஸ்லேட் கல் சில்லுகள். விளிம்பு பிளேடு போல இருக்கும். இன்னொன்று, கொடிகளைக் கட்டும் மெல்லிய கம்பியின் வெட்டுத்துண்டு. கம்பி சின்ன ஓட்டைதான் போடும், காற்று ஓர் இரவு முழுக்கக் கசிந்து காலையில்தான் தெரியும். ட்யூப்பை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கம்பி உள்ளேயே குத்திக்கொண்டிருந்தால் புது ட்யூப்பும் பத்து நிமிஷத்தில் போய்விடும். ஸ்லேட் வெட்டியது பெரிதாக இருந்தால், டயருக்குள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஓட்டலாம். வாடகை வண்டிகளில் பலவற்றுக்கு நம்மூர் வால்டியூப் ரகத்து வாய்தான் இருக்கும், அதற்கும் சொந்த வண்டி ஓட்டுகிறவரின் மெல்லிய வாய்க்கும் ஒரே பம்ப் தலை போதும். கார் டயர் ரகத்து வாய்க்குத்தான் வேறு தலை வேண்டும். குழுவில் இரண்டு ரகமும் இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும் பம்ப் எடுத்துச் செல்லுங்கள்.

பருவம். பாதை தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் போவதால் குளிர்காலத்திலும் இளவேனிலின் தொடக்கத்திலும் அடிக்கடி மூழ்கும். தண்ணீர் வடிந்தாலும் வண்டல் மிஞ்சும். காய்ந்தது போலத் தெரியும் அந்தச் சேற்றில் முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். ஜூலை, ஆகஸ்டில் வேறு பிரச்சினை: ஸ்லேட் பாறை பகல் வெயிலைக் குடித்துவைத்து மாலையில் திருப்பிக் கொடுக்கும். ரீஸ்லிங் திராட்சை இங்கே பழுப்பதே அந்தச் சூட்டால்தான், ஆனால் அது உங்களையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். மதியத்துக்குப்பின் காடுள்ள கரைக்கு மாறிவிடுங்கள். கோடையில் செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் மருந்து தெளிப்பார்கள். அது அருகில் சுற்றுகிறது என்றால் நின்று, கடந்துபோன பிறகு கிளம்புங்கள்.

செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. தோட்டப் பாதைகள் முதலில் விவசாயிக்கு, பிறகுதான் நமக்கு. டிராக்டர் வந்தால் ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள். பின்னால் திராட்சை ஏற்றிய வண்டி இருந்தால் அவரால் சட்டென்று பிரேக் போட முடியாது. தரையில் நசுங்கிக் கிடக்கும் பழத்தோல் எண்ணெய் மாதிரி வழுக்கும். காலை பத்து மணி வரைகூட ஆற்றில் மூடுபனி நிற்கலாம். செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டலில் ஒயின் திருவிழா. அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒயின் குடிக்காமல் வரச்சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. வாசலில் மாலையோ விளக்குமாறோ தொங்கினால் அங்கே விவசாயி தன் சொந்த ஒயினையே விற்கிறார். வருஷத்தில் நான்கு மாதம், நாற்பது இருக்கைக்கு மேல் போகாமல் நடத்திக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பகலில் ஒயினில் பாதிக்குப் பாதி சோடா கலந்து தரச்சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இரத்தத்தில் மது 1.6 புரோமில் (ஆயிரத்தில் 1.6 பங்கு) தாண்டினால் குற்றம். தள்ளாடி ஓட்டினாலோ விபத்து செய்தாலோ 0.3-லேயே மாட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறக்கும், சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள்.

நாள் கணக்குக்கு நான்கு நாள் சௌகரியம்: பீஸ்போர்ட், டிராபென்-டிரார்பாக், கோக்கெம், கோப்லென்ஸ் என்று இரவுகள். ஒவ்வொரு நாளும் நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குள். கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகள் கப்பல்களுக்கானவை. கோப்லென்ஸில் சுழியத்தில் தொடங்கி மேல்நோக்கி எண்ணும். கோக்கெம் 51, பெர்ன்காஸ்டல் ஏறக்குறைய 129. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவை சொல்லிவிடும்.

திரும்பி வர ரயில். ஆனால் ட்ரியர்-கோப்லென்ஸ் ரயில் புல்லாய் என்ற ஊருக்கு மேலே ஆற்றை விட்டு விலகி விட்லிஷ் வழியாகப் போய்விடுகிறது. டிராபென்-டிரார்பாக்குக்குப் புல்லாயிலிருந்து ஒரு கிளைப்பாதை உண்டு, பெர்ன்காஸ்டலுக்கு ரயிலே இல்லை. நடுவில் வண்டி பழுதாகிவிட்டால் புல்லாயை நோக்கியோ விட்லிஷை நோக்கியோதான் போக வேண்டும். இந்த மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வாரநாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு முழுநாளும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. இடம் உறுதியும் இல்லை. சக்கரநாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதலிடம். ஞாயிறு மாலை நாலிலிருந்து ஏழு வரை பெட்டி நிரம்பி வழியும், அதற்கு முன்பே கோப்லென்ஸிலிருந்து கிளம்பிவிடுவது நல்லது.