வாலாஜா ஏரித் தண்ணீரும் பெரியப்பாவின் போர்வெல்லும்

எங்கள் வயல் குறிஞ்சிப்பாடிப் பக்கம், வாலாஜா ஏரிப் பாசனம். சித்திரை வெயிலிலும் மடையில் தண்ணீர் ஓடும். மழைத் தண்ணீர் இல்லை, நெய்வேலிச் சுரங்கத்தில் இறைத்து விடுகிற தண்ணீர். பெரியப்பாவின் நிலம் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில். முந்திரியும் கரும்பும். அவருக்குப் போர்வெல்தான் கதி.

அந்த மேட்டில் விழும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, சரிவோடு நகர்ந்து, பழுப்பு நிலக்கரிக்கு அடியில் போய் அடைபடுகிறது. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தம். இறைக்காமல் வெட்டினால் பள்ளத்தின் அடி வெடித்துத் தண்ணீர் பொங்கிவிடும். அதனால்தான் சுற்றிலும் குழாய்க்கிணறு போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். 1957இல் தோண்டத் தொடங்கி 1961இல் நிலக்கரியைத் தொட முடிந்ததே இந்த இறைப்பால்தான். அப்படிப் பார்த்தால் என் மடையில் ஓடுவதில் பெரியப்பா ஊர் மழையும் இருக்கிறது.

போன மாசியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட, அவர் போரில் மோட்டாரைத் தூக்கி, இன்னும் இரண்டு பைப் சேர்த்து இறக்கினோம். ஸ்விட்சைப் போட்டதும் காற்றும் தண்ணீருமாகக் கக்கியது. அப்புறம் செம்மண் கலங்கல். தெளிந்து வரும்வரை பெரியப்பா குழாய் வாயை விட்டு நகரவே இல்லை. "உனக்கென்னடா, வாய்க்கால்காரன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எல்லாம் சுரங்கத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். கரும்புக்கு நாமே போட்ட போர்கள் கொஞ்சமா? ஆனால் ஏரிக்குக் கீழே விளைகிற ஏக்கரை மட்டும் எண்ணி, சுரங்கத்தால் பாசனம் செழிக்கிறது என்று பேசுவது பாதிக் கணக்கு. மேட்டில் இறங்குகிற போரின் ஆழத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நிலக்கரி என்றைக்காவது தீரும், பம்பு நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் பரவனாறு கரை கொள்ளாமல் ஓடிக் கடலூரில் கடலுக்குப் போகிறது. அந்த வெள்ளத்தைப் பிடித்து வைக்க வாலாஜாவில் ஆழம் வேண்டும். மேட்டு ஓடைகளில் மழைத் தண்ணீர் தேங்கி மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் பெரியப்பா ஊர் ஓடைக்குத் தடுப்பணை கேட்டு மனு கொடுக்கப் போகிறார்கள். எங்கள் ஏரிப் பாசனக்காரர்களும் தனியாக ஒரு மனு எழுதி அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.