வெள்ளைக்கொடியைக் காணோம்

நெட்ஃபிளிக்ஸில் ‘அமெரிக்கன் பிரைமீவல்’ தொடரின் ஆறு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்தேன். சேறு, பனி, அழுக்குச் சட்டை எல்லாம் அசல். ஆனால் மவுண்டன் மெடோஸ் படுகொலையைக் காட்டிய விதம் உறுத்துகிறது.

தொடரில் திடீரென அம்பு பாய்கிறது, சில நிமிடங்களில் கதை முடிகிறது. உண்மையில் அது 1857 செப்டம்பர் 7 முதல் 11 வரை நீண்ட முற்றுகை. கலிபோர்னியாவில் குடியேறப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, தண்ணீருக்குத் தவித்தார்கள். கடைசியில் மோர்மன் என்ற மதப் பிரிவின் படையினர் வெள்ளைக்கொடியோடு வந்து, ஆயுதங்களைக் கொடுத்தால் பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். நம்பிக் கொடுத்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் துப்பாக்கியோடு ஒருவன் நடந்தான். சைகை வந்ததும் சுட்டான். சுமார் 120 பேர் செத்தார்கள். 17 சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இதைவிடப் பெரிய நாடகம் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? அந்தத் துரோகத்தைத் தூக்கிவிட்டு வெறும் ரத்தத்தை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இடம். தெற்கு யூட்டாவில் நடந்ததை வடக்கே வெகு தொலைவில் இருந்த ஃபோர்ட் பிரிட்ஜர் கோட்டைப் பக்கமாக நகர்த்திவிட்டார்கள். தொடரில் அங்கேயே இருப்பதாகக் காட்டப்படும் அதன் நிறுவனர் ஜிம் பிரிட்ஜரோ 1853இலேயே அந்தக் கோட்டையை விட்டுத் தப்பி ஓடியவர். சரி, அவராக நடித்தவருக்காக அதை மன்னிக்கலாம். வெள்ளைக்கொடியை மட்டும் மன்னிக்க முடியவில்லை.