பரணில் கிடந்த கிரிஸ்

கீழக்கரையில் நண்பன் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த கத்தி, கிரிஸ் என்கிற மலாய்க் குத்துவாள். மலாயாவில் கடை வைத்திருந்த பாட்டனார் கொண்டுவந்ததாம். "மச்சான், இது பழசுதானா?" என்று கையில் கொடுத்தான்.

முதலில் வளைவுகளை எண்ணினேன், ஒன்பது. வளைந்த கிரிஸ் என்றால் ஒற்றைப்படையில்தான் வரும். அப்புறம் பிடியை ஒட்டிய அகன்ற பகுதி. அதுவும் இருக்கவேண்டியபடி தனித்துண்டு, அலகோடு சேரும் இடத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, துருவுக்கு அடியிலிருந்து மரத்தின் ரேகை மாதிரி வெள்ளைக் கோடுகள் எழும்பி வந்தன, சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, மடித்து மடித்து அடித்தால் வருகிற பமோர் என்கிற கோலம். எவ்வளவு அழகு!

அதற்குள் அவன் உப்புத்தாளோடு வந்துவிட்டான். பிடுங்கி வைத்தேன். தேய்த்தால் அத்தனையும் மங்கிவிடும். கடற்காற்று அடிக்கிற ஊர், மாதம் ஒருமுறை எண்ணெய் மட்டும் போடு, போதும் என்றேன்.