ஒரே கோட்டில் அடங்காத போர்

போர் வரலாற்று நூல்களுக்கு வரைபடம் தயாரிப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. பெரும்பாலான போர்களை வரைய ஒரு வழக்கமான முறை இருக்கிறது. ஒரு தரப்புக்கு நீலம், மறு தரப்புக்குச் சிவப்பு, நடுவில் போர்முனைக் கோடு. மாதம் மாறினால் கோடும் நகரும். போஸ்னியாவில் குரோவாட்டுகளும் போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) மோதிய 1992–94 போரை வரைய உட்கார்ந்தபோது அந்த முறை செல்லவில்லை.

முதலில், இந்த இரு தரப்பும் கூட்டாளிகள். 1992 தொடக்கத்தில் யூகோஸ்லாவியாவிலிருந்து போஸ்னியாவின் விடுதலைக்குச் சேர்ந்து வாக்களித்தவர்கள். அந்த ஜூனில், இருவருக்கும் பொது எதிரியான செர்பியப் படைகளைத் தெற்கே மோஸ்தார் நகரிலிருந்து சேர்ந்தே விரட்டினார்கள். அக்டோபரில் ப்ரோசோர் ஊரில் இவர்களுக்குள்ளேயே சண்டை. சில நாட்களில் யாய்ட்சே நகரம் செர்பியர் கைக்குப் போனது. அங்கிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் துரத்தப்பட்ட அகதிகள் நடு போஸ்னியாவின் த்ராவ்னிக் நகரில் வந்து குவிந்தார்கள். இடம் போதவில்லை, ஆயுதம் போதவில்லை, நம்பிக்கையும் போய்விட்டது.

1993 ஜனவரியில், சர்வதேச மத்தியஸ்தர்கள் இருவரின் பெயரால் அழைக்கப்படும் வான்ஸ்–ஓவன் சமாதானத் திட்டம் வந்தது. நாட்டைப் பத்து மாகாணங்களாகப் பிரிக்கும் வரைபடம் அதன் மையம். தங்களுக்கென்று குறிக்கப்பட்ட மாகாணங்களில் இருக்கும், பெரும்பாலும் போஸ்னியாக்குகளைக் கொண்ட போஸ்னிய அரசு ராணுவத்தின் பிரிவுகள் தங்கள் தலைமைக்குக் கீழ்ப்பட வேண்டும் என்றது குரோவாட்டுகளின் படையான எச்.வி.ஓ. போருக்கு அது மட்டுமே காரணம் அல்ல. ஹெர்செக்-போஸ்னா என்ற தனி அமைப்பை 1991 நவம்பரிலேயே அவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் கையெழுத்துக்கூட முழுமையாகாத ஒரு வரைபடம் படைகளை நகர்த்தியது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் என்னை இன்றும் உலுக்குகிறது.

வரைவதற்கு மிகக் கடினம் நடு போஸ்னியாவின் லாஷ்வா பள்ளத்தாக்கு. அங்குள்ள வித்தேஸ் ஊரைச் சுற்றி எச்.வி.ஓ. கையில் ஒரு பகுதி. அதைச் சூழ்ந்து போஸ்னிய ராணுவம். அந்தப் பகுதிக்கு உள்ளேயே, எச்.வி.ஓ.வின் முற்றுகையில் பழைய வித்தேஸ் என்ற போஸ்னியாக் குடியிருப்பு. ஒரு முற்றுகைக்குள் இன்னொரு முற்றுகை. இதற்கெனத் தனி உள்படம் போட்டோம்.

அந்த உள்படத்தில் அஹ்மிச்சி கிராமத்தைக் குறிப்பதா என்று பேச்சு வந்தது. படைநகர்வைக் காட்டும் படத்தில் சின்ன கிராமங்களுக்கு இடமில்லை என்பது ஆசிரியர் குழுவின் வாதம். நான் விடவில்லை. 1993 ஏப்ரல் 16 அதிகாலையில் எச்.வி.ஓ. அங்கே 100-க்கும் மேற்பட்ட போஸ்னியாக்குகளைக் கொன்றது. குழந்தைகளும் அதில் அடக்கம். பள்ளிவாசலின் கோபுரம் வெடி வைத்துச் சாய்க்கப்பட்டது. அதே நாள் கொன்யிட்ஸ் பக்கம் த்ருசினா கிராமத்தில் போஸ்னிய ராணுவத்தினர் 22 குரோவாட்டுகளைக் கொன்றார்கள். இரண்டு ஊர்ப் பெயரும் வேண்டும், ஒரே எழுத்தளவில் வேண்டும் என்று கேட்டேன். இறந்தவர்களின் ஊரை நீக்கிவிட்டு அம்புக்குறிகளை மட்டும் விட்டால் அதை ராணுவ வரலாறு என்று எப்படிச் சொல்வது?

மோஸ்தாருக்கு வேறு பிரச்சினை. நெரேத்வா ஆறுதான் போர்முனை என்று பல படங்கள் காட்டுகின்றன. உண்மையில் 1993 மே 9 தாக்குதலுக்குப் பிறகு கோடு நின்றது ஆற்றுக்கு மேற்கே, புலேவார் சாலையில். மேற்குக் கரையின் ஒடுங்கிய துண்டு ஒன்று போஸ்னிய ராணுவத்திடமே இருந்தது. 1566-இல் கட்டிய பழைய பாலம் அந்த இரு கரைகளையும் இணைத்தது. எச்.வி.ஓ.வின் குண்டுவீச்சில் நவம்பர் 9 அன்று அது இடிந்து விழுந்தது. ஆற்றின் மேலேயே கோட்டைப் போட்டால், எதற்காக உயிரைப் பணயம் வைத்து மக்கள் அந்தப் பாலத்தைக் கடந்தார்கள் என்பது வாசகருக்குப் புரியாது.

இத்தனைக்கும் நடுவில் வடக்கே பிஹாச்சிலும் துஸ்லாவிலும் எச்.வி.ஓ. பிரிவுகள் போஸ்னிய ராணுவத்தோடு தோளோடு தோள் நின்று செர்பியரை எதிர்த்தன. ஜெப்செ ஊரிலோ எச்.வி.ஓ. செர்பியப் படையோடு கைகோத்தது. சரி, எந்த வண்ணம் கொடுப்பது? கடைசியில் கோடுபோட்ட நிரப்பலும் ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்தோம். படம் அழகு கெட்டது, ஆனால் சரியாக இருந்தது.

இரு தரப்பையும் ஒரே கூட்டாட்சியில் இணைத்த 1994 மார்ச் 18 வாஷிங்டன் ஒப்பந்தத்தோடு இந்தப் போர் முடிகிறது. அதற்குப் பிந்தைய படத்தில் இரு தரப்புக்கும் ஒரே வண்ணம் போடச் சொன்னார்கள். போட்டேன். இடையிலிருந்த கோட்டை மட்டும் அழிக்காமல் புள்ளிக்கோடாக விடக் கேட்டேன். காகிதத்தில் கூட்டாட்சி வந்தும் படைத்தலைமை தனித்தனியாகவே நீடித்தது. செர்பியரையும் சேர்த்து மூன்று தரப்புக்கும் ஒரே ராணுவம் என்று ஆனது 2006-இல்தான். ஆசிரியர் அதை ஒப்புக்கொண்டார். புள்ளிக்கோட்டோடுதான் அந்தப் பக்கம் அச்சுக்குப் போனது.