பதவியில் இருந்தபடியே கடனுக்காகச் சிறை சென்ற அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி

1787 செப்டம்பர் 1. பிலடெல்பியா அரசியலமைப்பு மாநாட்டில் ஐந்து பேர் குழு ஒன்று, திவால் சட்டம் (கடனைத் தீர்க்க முடியாதவரை விடுவிக்கும் சட்டம்) இயற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. இரண்டே நாளில் அது நிறைவேறியது. கனெக்டிகட் மாநிலம் மட்டும் எதிர்த்தது. அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் வில்சன். பதினோரு ஆண்டு கழித்துக் கடன் சுமையோடு அவர் இறந்தபோது, காங்கிரஸ் அந்த அதிகாரத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை.

வில்சன் 1742இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்தவர். இருபதுகளில் பென்சில்வேனியா வந்து, வழக்கறிஞர் ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்று, ரெடிங்கிலும் கார்லைலிலும் தொழில் நடத்தினார். எல்லைப்புற ஊர் வக்கீலிடம் நிலத்தகராறு வழக்குகள்தான் குவியும். மண்மீது அவருக்கு வந்த மோகம் அங்கே தொடங்கியது என்பது என் கணிப்பு. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்தும் உண்டு.

மாநாட்டில் அவர் செய்ததைப் பொத்தாம்பொதுவாகப் புகழ்வதைவிட நாள்வாரியாகப் பார்ப்பது நல்லது. ஜூன் 1: நிர்வாகத் தலைமை ஒரே ஆளிடம் இருக்கட்டும் என்றார். அவையில் சற்று நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. இங்கிலாந்து மன்னர்மீதான கசப்பு இன்னும் ஆறவில்லை. ஜூன் 2: மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அன்று தோற்ற அந்த யோசனை, செப்டம்பரில் வேறு உருவில் திரும்பி வந்தது. ஜூன் 4: ஒற்றைத் தலைமை 7-3 என்று வென்றது. ஜூன் 11: மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளை ஒதுக்கும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடும் ஏற்பாட்டை முன்மொழிந்தவரும் இவரே. பாராட்டுக் கட்டுரைகள் இந்தக் கடைசித் தேதியை நைசாகத் தாண்டிவிடும்.

1789இல் முதல் உச்ச நீதிமன்றத்தில் இணை நீதிபதியானார். ஆண்டுச் சம்பளம் 3,500 டாலர். அவர் கணக்கே வேறு: நிலம்.

அன்றைய பென்சில்வேனியாவில் அரசு நிலம் வாங்குவது இப்படி: விண்ணப்பம் போட்டுப் பணம் கட்டினால் வாரண்ட் தருவார்கள் (கைது வாரண்ட் அல்ல, நிலத்தை அளக்கச் சொல்லும் உத்தரவு). பிறகு சர்வேயர் அளந்து அறிக்கை தருவார். கடைசியில்தான் பட்டா. 1792 சட்டப்படி மேற்குப் பகுதியில் 100 ஏக்கர் 7 பவுண்டு 10 ஷில்லிங். ஒரு வாரண்டுக்கு 400 ஏக்கர் உச்சவரம்பு. ஊக வியாபாரிகள் இல்லாத ஆட்களின் பெயரில் கட்டுக்கட்டாக வாரண்ட் எடுத்து அதைத் தாண்டினார்கள். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் ஆளைக் குடியேற்றி, வீடு கட்டி, நூறு ஏக்கருக்கு இரண்டு ஏக்கராவது பயிரிட்டால்தான் உரிமை நிலைக்கும்.

சிக்கல் அங்கேதான். எல்லையில் பூர்வகுடிகளோடு போர் 1795 உடன்படிக்கை வரை ஓயவில்லை. குடியேற யாரும் துணியவில்லை. வில்சன் போன்றவர்கள் கடன் வாங்கி நிலம் வாங்கி, அதைக் காட்டி மேலும் கடன் வாங்கினார்கள். காடு வருமானம் தராது, வரியும் வட்டியும் நிற்காது. ஐரோப்பியர் தலையில் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையும் அங்கே போர் மூண்டதும் ஆட்டம் கண்டது. 1797 பிப்ரவரியில் இங்கிலாந்து வங்கியே தன் நோட்டுகளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் கடன் வறண்டது.

அன்றைய சட்டத்தில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால், ஷெரிஃப் வந்து ஆளையே பிடித்துக்கொண்டு போவார். ஜாமீன் இல்லையென்றால் சிறை. உள்ளே இருப்பவர் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காமல் கடன் தீராது. நீதிபதி என்பதற்காக விலக்கும் கிடையாது. வில்சன் முதலில் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் உள்ளே போனார். மகன் முயன்று வெளியே கொண்டுவந்தார். அடுத்து வட கரோலினாவின் ஈடன்டனுக்கு ஓடினார். அங்கே அவரைச் சிறையில் தள்ளியவர் பியர்ஸ் பட்லர்: 1787இல் அதே மாநாட்டு அறையில் தென் கரோலினா சார்பில் உட்கார்ந்திருந்தவர். கேட்ட தொகை 1,97,000 டாலர். நீதிபதி சம்பளத்தில் ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 56 ஆண்டு ஆகும்.

இத்தனைக்கும் யாரும் அவர்மீது பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஈடன்டனில் கைகொடுத்தவர் சக நீதிபதி ஜேம்ஸ் ஐரடெல். 1793 சிஷோம் வழக்கில் ஜார்ஜியா மாநிலத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று வில்சன் உள்ளிட்ட நால்வர் தீர்ப்பளித்தபோது, தனியாக மறுத்து எழுதியவர் அவர்.

வெளியே வந்த வில்சனுக்கு மலேரியா, பிறகு பக்கவாதம். 1798 ஆகஸ்ட் 21இல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் புஷ்ராட் வாஷிங்டன், ஒருகாலத்தில் வில்சனிடமே சட்டம் படித்தவர். காங்கிரஸ் முதல் திவால் சட்டத்தை 1800 ஏப்ரலில் நிறைவேற்றியது. வில்சனைப் போலவே நிலத்தில் பணத்தை விட்டுச் சிறையிலிருந்த, சுதந்திரப் போருக்கு நிதி திரட்டிய ராபர்ட் மோரிஸ், அதன் புண்ணியத்தில் 1801இல் வெளியே வந்தார். 1803இல் அந்தச் சட்டத்தையும் ரத்து செய்துவிட்டார்கள்.